பெரம்பூரில் ஒரு கடல்!

கடல் பார்க்கணும்னா நீங்க எங்கே போவீங்க? மெரினா, பெசன்ட் நகர்... பைக்கில் பெட்ரோல் இருந்தா கோவளம். நான் பெரம்பூர் போவேன். ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி, டீக்கடை தாண்டி, ஒரு பழைய அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடிக்கு ஏறினால் போதும். ஹாலில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில், 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு கடல் இருக்கும். எங்க மாமாவின் கடல்!

மாமாவுக்கு வங்கியில் வேலை. காலையில் எழுந்ததும் பேப்பர் பார்க்கிற மாதிரி, தொட்டியில் தெர்மாமீட்டரைப் பார்ப்பார். அப்புறம் ஒரு நீளமான நோட்டில் அன்றைய நம்பர்களை எழுதுவார். அத்தை இதை 'ரெண்டாவது பாஸ்புக்'னு சொல்வாங்க. நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். 'இதெல்லாம் நமக்கு ஜுஜுபி மாமா'னு ஒரு நாள் சொன்னேன். அந்த வார்த்தைக்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே சொல்லப் போறேன்.

கொளத்தூருக்கு ஒரு ரவுண்டு

முதலில் கொளத்தூர் போயிட்டு வந்துடுவோம். வண்ண மீன் வாங்கணும்னா சென்னையில் யாரைக் கேட்டாலும் கை காட்டுகிற இடம். வீட்டுக்குப் பின்னாடி சிமென்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ்னு தலைமுறையாக மீன் வளர்க்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க... அப்பா தோளில் உட்கார்ந்த குட்டிப் பசங்க, பாட்டில் பாட்டிலா தனித்தனியா முறைச்சிக்கிட்டு இருக்கிற ஃபைட்டர் மீன்கள், 'டஸ் டஸ்'னு கவருக்குள் ஆக்ஸிஜன் அடிச்சு ரப்பர் பேண்ட் போடுற அண்ணன்கள்!

ஆனால், இங்கே விற்பதில் பெரும்பகுதி நல்ல தண்ணி மீன்தான். கடல் மீன் வைத்திருக்கும் கடைகள் சிலதுதான். அதில் ஒரு கடையில் என்னை நிறுத்தி மாமா முதலில் வாங்கிக் கொடுத்தது மீன் இல்லை. ஒரு டெஸ்ட் கிட்!

"மீன் வளர்க்கிறோம்னு எல்லாரும் நினைக்கிறாங்கடா. உண்மையில நாம வளர்க்கிறது தண்ணியை. தண்ணி நல்லா இருந்தா மீன் தானா வளரும்" என்றார். பஞ்ச் டயலாக் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு புரிந்தது.

கடல் ரெசிப்பி

நல்ல தண்ணித் தொட்டியில் சின்னத் தப்பு செய்தால் மீன் பொறுத்துக்கொள்ளும். கடல்வாழ் உயிர்கள் அப்படி இல்லை. ஏன்னா, கடல் ரொம்பப் பெரிசு. இன்னைக்கும் நாளைக்கும் அதன் தண்ணீரில் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த மாறாத தண்ணீருக்கே பழகிய உடம்பு அதுங்களுக்கு. 200 லிட்டரில் அந்த நிலைமையைக் கொண்டுவருவதுதான் சவால்.

மாமாவின் நோட்டில் இருக்கும் நம்பர்கள் இதுதான். உப்பு, ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம். வெப்பம் 26 டிகிரி. பி.ஹெச். 8.1-ல் இருந்து 8.3. கால்சியம் 420 பி.பி.எம். பக்கம். மெக்னீசியம் 1,300 பக்கம். அப்புறம், காரத்தன்மை. அதை டி.கே.ஹெச். என்ற அளவில் சொல்வார்கள். மாமா தொட்டியில் 8.

நம்பரைப் பிடிப்பது பெரிசில்லை, அதை அசையாமல் வைப்பதுதான் பெரிசு. காரத்தன்மை 7-ல் இருந்து 11 வரை எதுவானாலும் உயிர்கள் வாழும். ஆனால் இன்னைக்கு 7, நாளைக்கு 10, மறுநாள் 8 என்று ஆடினால் காலி!

எது இதை அசைக்கும்? முதல் வில்லன், நம்ம ஊர் வெயில். ஃபேன் காற்றிலும் விளக்குச் சூட்டிலும் மாமா தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிடும். ஒரு வாரம் கண்டுக்காமல் விட்டால் 28 லிட்டர் போய், 35 இருந்த உப்பு 40-ஐத் தாண்டிடும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்றணும், உப்புத் தண்ணீரை இல்லை. புதுசா ஆரம்பிக்கிற பாதிப் பேர் சறுக்குகிற இடம் இது.

'நல்ல தண்ணி'னா போர் தண்ணியும் இல்லை, குழாய்த் தண்ணியும் இல்லை. போரில் என்னென்னவோ உப்பு கரைஞ்சிருக்கும். குழாயில் குளோரின் இருக்கும். பித்தளைக் குழாய் வழியா வந்தால் செம்பு கலந்திருக்கலாம். செம்பு கொஞ்சமே கொஞ்சம் போதும், இறாலும் நத்தையும் செத்துப்போக. அதனால் ஆர்.ஓ.-வில் வடிகட்டி, அதுக்கு மேலே ரெசின் ஃபில்டரிலும் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுகிற தண்ணீர்தான் மாமா பயன்படுத்துவார். வாராவாரம் 20 லிட்டரை மாற்றுவார். அதற்கு, அதே தண்ணீரில் சுமார் 700 கிராம் கடல் உப்புக் கலவையைப் போட்டு, முந்தின நாளே கலக்கி வைத்துவிடுவார்.

இரண்டாவது வில்லன் ராத்திரி! பகலில் பாசியும் பவளங்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசியும் ஒளிச்சேர்க்கை செய்து கார்பன் டை ஆக்ஸைடைத் தின்னும். பி.ஹெச். ஏறும். விளக்கை அணைத்தால் ஒளிச்சேர்க்கை நிற்கும், எல்லாரும் மூச்சு மட்டும் விடுவார்கள், பி.ஹெச். இறங்கும். ஏ.சி. போட்டு, ஜன்னலை மூடி, நாலு பேர் படுத்துத் தூங்கும் அறையில் தொட்டி இருந்தால் இன்னும் இறங்கும். நாம விடுகிற மூச்சும் அந்தத் தண்ணீரில்தானே கரையுது!

வெத்தலைக்குச் சுண்ணாம்பு... பவளத்துக்கும்!

மூணாவது வில்லனை வில்லன்னு சொல்ல முடியாது. தொட்டியில் உள்ள உயிர்களே கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்து உடம்பு கட்டிக்கொள்கின்றன. மாமா தொட்டியில் பாறைமேல் இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்த மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். அது பெயின்ட் இல்லை, சுண்ணாம்புப் பாசி. நத்தை ஓடும் அதே சரக்குதான். இதுங்க எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கணும் இல்லையா?

அதற்கு மாமா வைத்திருக்கும் மருந்து, சுண்ணாம்புத் தண்ணீர்! மீன் தொட்டிக்காரர்கள் ஜெர்மன் மொழியில் 'கால்க்வாஸர்'னு ஸ்டைலா சொல்றாங்க. பிரிச்சுப் பார்த்தா சுண்ணாம்பு, தண்ணீர், அவ்ளோதான். நம்ம பாட்டி பெட்டியில் இருந்த கால்சியம் ஹைட்ராக்ஸைடு. ஆனா, உடனே வெத்தலைக் கடைக்கு ஓடாதீங்க. அதில் என்ன கலந்திருக்குன்னு தெரியாது. சுத்தமான பவுடர்தான் வேணும்.

இதன் அழகு என்னன்னா, உயிர்கள் எந்த விகிதத்தில் கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுக்குதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் இது திருப்பிக் கொடுக்கும். நாளுக்கு ஆவியாகும் 4 லிட்டருக்குப் பதிலா ஊற்றும் தண்ணீரில் ஒரே ஒரு கிராம். 200 லிட்டர் தொட்டியில் அது காரத்தன்மையைக் கிட்டத்தட்ட 0.4, கால்சியத்தைக் கிட்டத்தட்ட 3 பி.பி.எம். உயர்த்தும். பெரும்பாலும் ராத்திரியில், சொட்டு சொட்டா. அப்போதான் பி.ஹெச். இறங்கும்; சுண்ணாம்போ பி.ஹெச்.-ஐ ஏற்றும். இரண்டும் சரியாப் போயிடும்.

ஒரே ஒரு விஷயம். முழுசாக் கரைந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பி.ஹெச். 12-க்கு மேல். சொட்டாப் போனா மருந்து, கொட்டினா விஷம்.

இறாலும் நானும்

இந்தத் தொட்டியில் இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் நத்தை, மிருதுவான பவளங்கள், சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு க்ளீனர் இறால். கையை உள்ளே விட்டால், இறால் வந்து நகத்தைச் சுத்தம் செய்யும். அத்தைக்கு அதுமேல தனிப் பிரியம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரம்பூர் பக்கம் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும். தெருவில் முழங்கால் தண்ணி, கரன்ட் இல்லை. மோட்டார் நின்றால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். மாமா பேட்டரி பம்ப் வைத்திருந்தார், ஒரு நாளில் தீர்ந்தது. அப்புறம் மாமாவும் அத்தையும் மாறி மாறி, டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்களாம். ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்து! கரன்ட் வந்தபோது அந்த இறால் உயிரோட இருந்தது.

அடுத்த வருஷம், ஒரு கல்யாணத்துக்காக இரண்டு பேரும் மூணு நாள் மதுரை போனாங்க. தொட்டிக்கு நான் காவல். டாப்-அப் கேனில் மூணு நாளைக்கான தண்ணீரை மாமா கலந்து வைத்துவிட்டார். "தினம் ஒரு தடவை டெஸ்ட் பண்ணி நோட்டில எழுது. வேற எதையும் தொடாதே" என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் காரத்தன்மை டெஸ்ட். நம்ம முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் மாதிரிதான். சாம்பிள் தண்ணீரில் சொட்டு சொட்டா ஆசிட் விடணும். எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகுதோ, அதுதான் டி.கே.ஹெச். முந்தின நாள் நோட்டில் 8. எனக்கு வந்தது 6!

ஒரே நாளில் 2 குறைஞ்சிடுச்சா? பதறினேன். மாமாவுக்கு போன் போட்டிருக்கலாம். போடலை. 'கெமிக்கல் இன்ஜினீயர்' ஆச்சே! பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 200 லிட்டரை 2 டி.கே.ஹெச். ஏற்ற எவ்வளவு கால்சியம் ஹைட்ராக்ஸைடு? 5.3 கிராம். எடை போட்டு, ஒரு லிட்டர் ஜக்கில் கலக்கினேன். பால் மாதிரி இருந்தது. ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம்தான் கரையும், மீதி அப்படியே மிதக்குதுன்னு அப்போ உறைக்கலை. ஊற்றினேன். மொத்தமா.

பத்து நிமிஷத்தில் தொட்டிக்குள் பனி பெய்தது! வெள்ளை வெள்ளையா. பி.ஹெச். மீட்டர் 8.1-ல் இருந்து 9-ஐத் தொட்டது. பி.ஹெச். அந்த உயரத்துக்குப் போனால், தண்ணீரில் இருந்த கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகவே படிய ஆரம்பிக்கும். நான் ஏற்ற நினைத்த காரத்தன்மை கண்ணெதிரே தூளா விழுந்துக்கிட்டு இருந்தது. பவளங்கள் சுருங்கின. கோமாளி மீன்கள் மூலையில் மூச்சு வாங்கின.

இப்போ போன் போட்டேன். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வர சத்தத்துக்கு நடுவில் மாமா கத்தினார். "ஜன்னலை எல்லாம் திற! காத்து பம்ப்பை ஃபுல்லா வை! கீழே பெட்டிக்கடையில போய் சோடா வாங்கிட்டு வா!"

"சோடாவா?"

"வெறும் சோடாடா! பன்னீர் சோடா இல்ல. 300 மில்லி. மெயின் தொட்டியில ஊத்தாதே, கீழே சம்ப்புல கொஞ்சம் கொஞ்சமா விடு!"

சோடாவில் இருப்பது கார்பன் டை ஆக்ஸைடு. தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம், பி.ஹெச். இறங்கும். பாடம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால், கோலி சோடாவைக் கட்டைவிரலால் உடைத்து மீன் தொட்டிக்கு ஊற்றுவேன்னு எந்த சிலபஸிலும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு 8.4-க்கு வந்தது. மீன்கள் பிழைத்தன.

இறால் பிழைக்கலை. காலையில் பாறைக்குக் கீழே மல்லாந்து கிடந்தது.

எந்தக் கோடு?

மாமா திட்டுவார்னு நினைத்தேன். திட்டலை. பெட்டியை வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல், "எப்படி டெஸ்ட் பண்ணினே, செஞ்சு காட்டு" என்றார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்தேன்.

"நில்லு. எந்தக் கோடு வரைக்கும் ஊத்தினே?"

அந்தக் குழாய் வேறொரு கிட்டோடு வந்தது. அதில் 4 மில்லியில் ஒரு கோடு, 5 மில்லியில் ஒரு கோடு. இந்த டெஸ்ட்டுக்கு 5 வேணும். நான் ஊற்றியது 4. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், சொட்டும் அதே அளவு குறையும். நிஜத்தில் சுமார் ஏழரை இருந்தது, எனக்கு 6 காட்டியிருக்கு. அதாவது தொட்டிக்கு ஒண்ணுமே ஆகலை. இல்லாத நோய்க்கு நான் மருந்து போட்டிருக்கேன்.

கணக்கு சரி. 5.3 கிராம் சரிதான், இன்னைக்குப் போட்டாலும் அதே விடை வரும். அளந்த தண்ணி தப்பு, ஊற்றின வேகம் தப்பு. லேபில் ரீடிங் தப்பா வந்தா மூணு தடவை செய்து சராசரி எடுப்போமே... வீட்டில் ஏன் அதைச் செய்யலை? லேபில் மார்க் போகும்னு பயம். இங்கே ஓர் உயிர் போகும்னு எனக்குத் தோணவே இல்லை.

அத்தை அன்னைக்கு எதுவும் பேசலை. எனக்குத் தோசை வார்த்துப் போட்டுட்டு, தொட்டிப் பக்கம் போகாமல் உள்ளே போயிட்டாங்க. அது திட்டினதைவிட மோசமா இருந்தது.

தனுஷ்கோடியில் ஒரு சுவர்

போன வருஷம், 2025-ல் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஏறி, குடும்பமா ராமேஸ்வரம் போனோம். கோயில் முடிந்ததும், "வாடா, ஒண்ணு காட்டுறேன்"னு மாமா தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனார்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். நீங்களும் டூரில் போய், அந்த இடிந்த சர்ச் முன்னாடி செல்ஃபி எடுத்திருப்பீங்க. அடுத்த முறை போனால், போனை உள்ளே வைத்துவிட்டுச் சுவரைக் கிட்டக்கப் பாருங்க. அது செங்கல் இல்லை. கல்லில் எல்லாம் தேன்கூடு மாதிரி, நட்சத்திரம் மாதிரி குட்டிக் குட்டித் துளைகள். பவளப்பாறை! ஒவ்வொரு துளையும் ஒரு காலத்தில் ஒரு உயிர் குடியிருந்த வீடு.

மன்னார் வளைகுடாவில் பல வருஷம் பவளத்தை வெட்டியெடுத்திருக்காங்க. வீடு கட்டக் கல்லாக, சுட்டு எடுத்தால் சுண்ணாம்பாக, தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக. அங்கே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கிற பாறையை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். தூத்துக்குடி பக்கத்து வான் தீவும் சுருங்க ஆரம்பிக்க, அதைக் காப்பாற்ற கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து கடலில் இறக்க வேண்டி வந்தது.

"அன்னைக்கு சுண்ணாம்புக்காக பவளத்தை வெட்டினாங்க. நான் பவளத்துக்காக சுண்ணாம்பு கரைச்சு ஊத்திக்கிட்டு இருக்கேன்" என்று மாமா சிரித்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே நின்றேன். ஒரு கிராம், ஒரு ராத்திரி, சொட்டு சொட்டு... அப்படிச் சேர்ந்த சுவர் இது.

கடலுக்கு வேற ஆபத்தும் இருக்கு. 1998, 2010, 2016-ல் தண்ணீர் சூடாகி, மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 பக்கம் இருந்த கடலின் சராசரி பி.ஹெச்., இன்று 8.1 பக்கம். 'வெறும் 0.1 தானே'ன்னு நினைக்காதீங்க. பி.ஹெச். மடக்கை அளவு. 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனி சுமார் 26 சதவிகிதம் கூடியிருக்குன்னு அர்த்தம். நான் ஊற்றிய அதே சோடா வாயுதான், நம்ம வண்டிப் புகையிலிருந்து கடலில் கரையுது.

உங்களுக்கும் ஆசை வந்துடுச்சா?

வரட்டும். ஆனா உஷார்! 2001-ல் இருந்து கல் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. மாட்டினால் 3 வருஷத்துக்குக் குறையாத சிறை, 7 வரை போகலாம். செத்த துண்டைக் கரையிலிருந்து பையில் போட்டு வருவதும் தப்புதான். மாமா தொட்டியில் கல் பவளம் ஒண்ணுகூட இல்லை, பாறைகூட செயற்கைப் பாறைதான். என்ன வாங்கினாலும் பேரைக் கேட்டு, பில் வாங்கிவிடுவார். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை, மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் செய்து காட்டியிருக்காங்க. கடலில் பிடித்ததை விட்டுட்டு, பண்ணையில் பிறந்ததையே கேளுங்க.

தொட்டி வைத்த உடனே மீன் விடாதீங்க. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர 4-ல் இருந்து 6 வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க. வீட்டில் கிண்டல் பண்ணுவாங்க, பரவாயில்லை. ஒரு நம்பர் தப்பா வந்தா மருந்தைத் தேடாதீங்க, இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்க. கோட்டைப் பாருங்க!

இப்போ ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என் பொறுப்பு. மாமாவே கொடுத்தார். அந்த 4 மில்லி கோட்டின் மேல் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கேன். போன மாசம் கொளத்தூர் போய், என் இன்டர்ன்ஷிப் காசில் ஒரு க்ளீனர் இறால் வாங்கி வந்தேன். கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் சொட்டு சொட்டா தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் விட்டுப் பழக்கினேன். அவசரப்படலை.

புது ஆள் இரண்டு நாள் பாறைக்குள்ளேயே ஒளிந்திருந்தார். மூணாம் நாள் அத்தை மெதுவா விரலை உள்ளே விட்டுக் காத்திருந்தாங்க. வெளியே வந்து, மீசையால் தடவிப் பார்த்து, நகத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது.

"டேய், நோட்டில எழுதினியா?"னு கேட்டாங்க அத்தை. எழுதிட்டேன். 8.